கருப்பனுக்கு இனிப்பு நீரா, பயமா?

பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து 58 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

செம்பனைத் தோட்டத்து லயங்கள் காலியானபோது ஆட்களெல்லாம் தாமான் வீடுகளுக்கு மாறிப் போனார்கள். பூனைகள் அங்கேயே தங்கிவிட்டன. அவற்றுக்குத் தினமும் சோறு வைக்கும் ஒரு பெண்மணி, கருத்தடை செய்த கறுப்பு ஆண் பூனை ஒன்றைப் பிடித்துக் கொடுக்க, பத்து மாதங்களுக்கு முன் இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெயர் கருப்பன். வயது எட்டு இருக்கலாம் என்கிறார்கள். பகல் முழுக்கச் சலவை மெஷினுக்குப் பின்னால் ஒளிந்திருப்பான். இரவு டிவியை அணைத்து, விளக்கையும் அணைத்த பிறகு மெல்ல வந்து இவர் காலடியில் படுப்பான். தடவினால் ஒரு நாள் பொறுத்துக்கொள்வான், மறுநாள் கீறுவான்.

இரண்டு மாதமாகக் கருப்பன் தண்ணீர் அதிகம் குடிக்கிறான். மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகிவிட்டன, சுற்றிலும் எறும்பு மொய்க்கிறது. நன்றாகச் சாப்பிட்டும் 5.3 கிலோவிலிருந்து 4.5 கிலோவுக்கு இறங்கிவிட்டான். கிளினிக்கில் இரண்டு பேர் துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை 17.2 மில்லிமோல். "இனிப்பு நீர் (நீரிழிவு) மாதிரி தெரியுது, இன்னும் சோதிக்கணும், ஊசி போட வேண்டி வரலாம்" என்றார் டாக்டர். வீடு திரும்பிய கருப்பன் மூன்று நாள் மெஷினை விட்டு வெளியே வரவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. வீட்டுக்காரருக்குப் பதினைந்து வருடமாக இனிப்பு நீர். ஐஸ் பெட்டியில் இருக்கும் தன் இன்சுலினில் கொஞ்சம் போடலாமே என்கிறார். கொழுந்தனார் மெட்ஃபோர்மின் அரை மாத்திரை என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பாகற்காய்ச் சாறு என்கிறார். ஜொகூரில் வேலை செய்யும் மகன், "தோட்டத்துல வளர்ந்ததும்மா, அங்கேயே விட்டுடுங்க, இல்லன்னா ஊசி போட்டுத் தூங்க வெச்சிடுங்க, பாவம்" என்கிறார். இவர் தன் பங்குக்குச் சோற்றை நிறுத்தி, சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துவிட்டார். "தினமும் ரெண்டு ஊசின்னா அவன் என்னை நம்பவே மாட்டான் டாக்டர். பத்து மாசம் காத்திருந்து கிடைச்ச நம்பிக்கை" என்று எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: நாலைந்து மாதத்துக்கு முன் சொறி வந்தபோது அந்தப் பெண்மணி அவனைக் கொண்டுபோய் இரண்டு தடவை 'அரிப்பு ஊசி' போட்டு வந்தாராம்.

அன்புள்ள அம்மா,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் வேண்டுகோள்: இன்றைக்கே கருப்பனின் சாப்பாட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் குறைத்தீர்கள். வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்னதைப் பூனைக்கும் பொருத்திப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் பூனையின் உடம்பு பட்டினியைத் தாங்காது. இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு மொத்தமும் ஈரலில் போய்ச் சேர ஆரம்பித்துவிடும். முன்பு குண்டாக இருந்து இளைத்துவரும் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அந்த ஈரல் நோயே உயிரை எடுத்துவிடும். கிளினிக்கிலிருந்து வந்து மூன்று நாள் மெஷினுக்குப் பின்னால் கிடந்தான் என்றீர்களே, அந்த நாள்களில் தட்டு காலியானதா என்று நீங்கள் எழுதவில்லை. இனி அதைத் தினமும் பாருங்கள்.

17.2 என்ற எண்

பூனைக்குச் சர்க்கரை சாதாரணமாக 4 முதல் 8 வரை இருக்கும். அந்தக் கணக்கில் 17.2 அதிகம்தான். வீட்டுக்காரருக்கு அந்த எண் வந்திருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பூனை விஷயம் வேறு. பயந்த பூனையின் உடம்பில் அட்ரினலின் பாயும்போது, ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிவிடும். ஓடவோ சண்டை போடவோ அது தேவைப்படும் என்பதற்கான ஏற்பாடு. நாய்களைவிடப் பூனைகளிடம் இதை மிக அதிகமாகப் பார்க்கிறோம். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்த, மனிதக் கையையே இன்னும் முழுதாக நம்பாத ஒரு தோட்டத்துப் பூனைக்கு வெறும் பயத்திலேயே 16, 17, அதற்கு மேலும் ஏறும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சாம்பல் நிறப் பூனைக்கு மேஜையில் எடுத்த ஒரே எண்ணை நம்பி இன்சுலின் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மாலை அதை ஒரு பழைய கைலியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தலை நிற்கவில்லை, கண்மணி விரிந்திருந்தது, சர்க்கரை 2.1. குளுக்கோஸ் ஏற்றி, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டது. அதற்கு இனிப்பு நீரே இல்லை. அன்றிலிருந்து ஒரே எண்ணை வைத்து நான் இன்சுலின் தொடங்குவதில்லை. உங்கள் டாக்டரும் தொடங்கவில்லை, இன்னும் சோதிக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் சரியாகத்தான் சொன்னார்.

அப்படியானால் பயம்தான் காரணம், நோய் ஒன்றும் இல்லை என்று நீங்கள் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பயத்தால் ஏறும் சர்க்கரை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இரண்டு மாதத் தாகத்துக்கும் 800 கிராம் இளைத்ததற்கும் அது காரணமாக முடியாது. 4.5 கிலோ பூனைக்கு 800 கிராம் சின்ன விஷயமில்லை. ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கிறது. இனிப்பு நீராக இருக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரப்பதாகவும் இருக்கலாம். வயதான பூனை நன்றாகத் தின்றும் இளைப்பதற்கு அது முக்கியமான காரணம். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் தாகம் எடுக்கும், ஆனால் அப்போது பெரும்பாலும் பசி குறைந்துவிடும். கருத்தடை செய்த ஆண், வயது எட்டு, முன்பு குண்டு, இப்போது இளைப்பு, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது என் மனம் இனிப்பு நீர் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் சாய்வதை வைத்து ஊசி போட முடியாது.

எறும்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் பெரியவர்கள் எறும்பு மொய்ப்பதை வைத்தே இனிப்பு நீரைக் கண்டுபிடித்தார்கள், அதில் உண்மை உண்டு. இருந்தாலும் நம் ஊர் எறும்பு தட்டோரம் சிந்திய மீன் துணுக்குக்கும் வரும், வெறும் ஈரத்துக்கும் வரும். அதைச் சந்தேகப்பட ஒரு காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துணி துவைக்கும் கல் மேல் இப்போதெல்லாம் அவன் ஏறுவதில்லை என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வயதாகிவிட்டது என்று நீங்களே பதிலும் சொல்லிவிட்டீர்கள். இரவில் அவன் வெளியே வரும்போது பின்னங்காலை மட்டும் கவனியுங்கள். பூனை விரல் நுனியில் நடக்கும் பிராணி. குதிகால் தரையில் படாது. சர்க்கரை நெடுநாள் ஏறியே இருந்தால் நரம்பு தளர்ந்து, குதிகால் தரையைத் தொட, முயல் உட்கார்ந்து நகர்வதுபோல நடக்கும். அப்படித் தெரிந்தால் கைப்பேசியில் பத்து விநாடி படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக் மேஜையில் அவன் ஒரு அடிகூட நடந்து காட்டமாட்டான்.

அந்த அரிப்பு ஊசி

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. பூனைக்கு அரிப்பு ஊசி என்று போடுவது பல நேரம் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு. ஒரே ஊசியில் அரிப்பு மாயமாகப் போய்விடும், பல வாரம் உடம்பில் இருக்கும். அதே ஸ்டீராய்டு, இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். ஏற்கெனவே எடை கூடிய ஆண் பூனைக்கு அடுத்தடுத்து இரண்டு ஊசி போட்டால் இனிப்பு நீரைக் கொண்டுவந்துவிடக்கூடும். யார் மேலும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிடிக்கவே முடியாத தெருப் பூனைக்குத் தினமும் மாத்திரை கொடுக்க வழியில்லாதபோது நாங்களே அந்த ஊசியைப் போடுவதுண்டு. ஆனால் உங்கள் டாக்டருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். இனி சொறி வந்தால் யாரும் அந்த ஊசியைத் திரும்பப் போடக் கூடாது. ஸ்டீராய்டால் வந்த இனிப்பு நீராக இருந்தால், சீக்கிரம் வைத்தியம் ஆரம்பித்தால், சில மாதங்களில் இன்சுலினே வேண்டாம் என்ற நிலைக்குத் திரும்பும் வாய்ப்பும் கூடுதல். மனிதர்களுக்கு அவ்வளவாக வாய்க்காத ஒன்று பூனைகளுக்கு வாய்க்கிறது. அதனால்தான் இழுத்தடிக்காதீர்கள் என்கிறேன்.

கிளினிக் போகாமலே பாதி வேலை

கருப்பனைத் தொடாமலே, அவனுக்குத் தெரியாமலே, நிறையத் தெரிந்துகொள்ளலாம். இந்த வாரமே தொடங்குங்கள்.

முதலில் தண்ணீர். அளவு குவளையில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மீதியை அளந்து கழியுங்கள். மூன்று நாள் எழுதி வையுங்கள். அவன் எடைக்கு ஒரு நாளைக்கு 220 மில்லி வரை போகலாம். 450 மில்லியைத் தாண்டினால் சந்தேகமே இல்லாமல் அதிகம். வாளித் தண்ணீர், குளியலறைத் தரை என்று வேறு இடத்தில் குடிக்கிறானா என்றும் பாருங்கள். குளியலறைக் கதவை மூடி வையுங்கள்.

அடுத்தது சிறுநீர். கட்டியாகும் மணலை ஓர் இரவு மட்டும் எடுத்துவிட்டு, மீன் தொட்டியில் போடும் சிறு கற்களைச் சோப்பில்லாமல் நன்றாகக் கழுவிக் காயவைத்துத் தட்டில் பரப்புங்கள். கற்கள் ஈரத்தை உறிஞ்சாது. காலையில் தட்டைச் சாய்த்தால் ஓரத்தில் சிறுநீர் தேங்கி நிற்கும். பார்மசியில் சர்க்கரையும் கீட்டோனும் (சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வரும் பொருள்) பார்க்கும் சிறுநீர்ப் பட்டை டப்பாவாகக் கிடைக்கும். ஒன்றை முக்கி எடுத்து, டப்பா மேல் போட்டிருக்கும் விநாடிக் கணக்கில் நிறத்தைப் பாருங்கள். முந்தியும் வேண்டாம், பிந்தியும் வேண்டாம். டப்பாவை உடனே இறுக்கி மூடுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் பட்டை சீக்கிரம் கெட்டுவிடும்.

ரத்தத்தில் சர்க்கரை 14, 16 என்று தாண்டும்போதுதான் பூனையின் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்க முடியாமல் சிறுநீரில் விடும். வீட்டில், அமைதியான மூன்று வெவ்வேறு நாளில் பட்டையில் சர்க்கரையே காட்டவில்லை என்றால், அன்றைய 17.2 பயத்தில் வந்ததாகத்தான் இருக்கும். தாகத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும். மூன்று நாளும் நன்றாக நிறம் மாறினால் இனிப்பு நீர் ஏறக்குறைய உறுதி. கீட்டோன் கட்டம் நிறம் மாறினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். அதோடு வாந்தியும் சாப்பிடாமையும் இருந்தால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தச் சிறுநீர்ச் சோதனையைத் தீபாவளி, சீனப் பெருநாள் பட்டாசு நாள்களிலும் இடி மழை அடித்த இரவிலும் செய்யாதீர்கள்.

அப்புறம் ஒரு தடவை ரத்தம் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் போன தடவை போல இருக்க வேண்டியதில்லை. ஃப்ரக்டோசமீன் என்று ஒரு சோதனை இருக்கிறது. கடந்த ஒன்றிரண்டு வாரம் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று அது காட்டும். அந்த நிமிடத்துப் பயம் அதை மாற்றாது. உங்கள் வீட்டுக்காரருக்கு அரசாங்கக் கிளினிக் கெசிஹத்தானில் எடுக்கும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையைப் போன்றது. அதே ரத்தத்தில் தைராய்டு, சிறுநீரகம், பொட்டாசியம் எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தைராய்டு அதிகமாக இருந்தால் ஃப்ரக்டோசமீன் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

போவதற்கு முன், பயத்தைத் தணிக்கக் கபாபென்டின் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். கிளம்ப இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் சிறிது மீனில் கலந்து கொடுத்தால் போதும், கொஞ்சம் தள்ளாடினாலும் பயம் நன்றாகக் குறையும். அளவை அவர்தான் சொல்ல வேண்டும். கூண்டை இன்றைக்கே எடுத்து மெஷின் பக்கத்தில் கதவைத் திறந்து வையுங்கள். உள்ளே நீங்கள் உடுத்திய பழைய கைலியைப் போட்டு, தினமும் ஒரு துண்டு மீனை அதற்குள் வையுங்கள். இரண்டு வாரத்தில் கூண்டு அவனுக்கு வீட்டுச் சாமானாகிவிடும். போகும் நாளில் மூடித் துணி போட்டு, நாய்கள் இல்லாத நேரமாகக் கேட்டு வாங்கி, கூப்பிடும்வரை காருக்குள்ளேயே இருங்கள். மேல் மூடி கழற்றக்கூடிய கூண்டாக இருந்தால் அவனை இழுத்து வெளியே எடுக்காமல், அடிப்பாதியிலேயே உட்காரவைத்து ரத்தம் எடுக்கலாம்.

ஐஸ் பெட்டியில் இருக்கும் மருந்து

வீட்டுக்காரரின் இன்சுலினைத் தொடவே வேண்டாம். கருப்பனுக்கு இன்சுலின் வேண்டும் என்றே முடிவானாலும், அளவு மிக மிகச் சின்னது. ஒரு யூனிட்டில் ஆரம்பிப்போம், சில நேரம் அரை யூனிட்டில்கூட. பெரியவர்களுக்கான பேனாவில் ஒரு யூனிட்டுக்குக் கீழே திருப்ப முடியாது. இன்சுலினிலும் வகைகள் உண்டு. பூனை, நாய்க்கென்று வரும் கேனின்சுலினில் ஒரு மில்லியில் 40 யூனிட். மனித இன்சுலினான லாண்டஸைப் பூனைக்கும் பயன்படுத்துகிறோம், அதில் 100 யூனிட். 100க்கான மருந்தை 40க்கான ஊசிக்குழாயில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். அதனால் மருந்தோடு சேர்த்தே ஊசிக்குழாயையும் வாங்குங்கள். ஐஸ் பெட்டியில் ஐயாவின் மருந்துக்கு ஒரு டப்பா, கருப்பனுக்குப் பெயர் எழுதி வேறு டப்பா, இரண்டும் வேறு வேறு தட்டில். விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் கை மாறிவிடக் கூடாது.

மெட்ஃபோர்மினும் வேண்டாம். பூனையிடம் அது சரியாக வேலை செய்வதில்லை, பசியைக் கெடுத்து வாந்தியைக் கொண்டுவரும். கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் இன்னும் மோசம், சர்க்கரையை அளவில்லாமல் இறக்கிவிடும். பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகிறேன்: பெனடோல் (பாராசிட்டமால்) ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், காய்ச்சல் என்று நினைத்துக்கூடக் கொடுக்காதீர்கள். பாகற்காய்ச் சாற்றை அக்காவிடம் அன்போடு மறுத்துவிடுங்கள். வாயைப் பிளந்து கசப்பை ஊற்றினால்தான் அவன் உங்களை நம்பாமல் போவான்.

வாயால் கொடுக்கும் புது மருந்துகள் வந்திருக்கின்றன என்று மகன் படித்துச் சொன்னதும் உண்மைதான். பெக்ஸாக்ளிஃப்ளோசின் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரிலும், வெலாக்ளிஃப்ளோசின் என்ற திரவத்துக்கு 2023 ஆகஸ்டிலும் அனுமதி கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரே வேளை என்பதால் பயந்த பூனைக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாப் பூனைக்கும் ஒத்துவராது. சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோன் ஏறி ஆபத்தாகிவிடுவதுண்டு. இதுவரை இன்சுலின் போடாத, நன்றாகச் சாப்பிடுகிற, ஈரலும் சிறுநீரகமும் நல்ல நிலையில் இருக்கிற பூனைகளுக்குத்தான் யோசிப்போம். ரத்தச் சோதனை வந்த பிறகு, கருப்பனுக்கு அது பொருந்துமா, வரவழைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டில் சோற்றை நிறுத்தியது சரிதான். பூனைக்கு மாவுச்சத்து தேவையில்லை. காய்ந்த பிஸ்கட்டிலும் மாவு அதிகம். மெதுவாக, பத்து நாள் எடுத்துக்கொண்டு, டின்னில் வரும் ஈரச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். வளர்ந்த பூனைக்கான முழுச் சாப்பாடு என்று மேலே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவித்த கெம்போங் மீனைக் கொஞ்சம் சேர்க்கலாம், மீன் மட்டுமே போதாது. இன்சுலின் தொடங்கிய பிறகு சாப்பாட்டை மாற்றினால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாவு குறைந்தால் சர்க்கரையும் இறங்கும், பழைய அளவு இன்சுலின் அதிகமாகிவிடும்.

ஊசி போட்டால் நம்பிக்கை போய்விடுமா?

உங்களை அதிகம் வருத்துவது இதுதான் என்று தெரிகிறது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஊசி கிளினிக்கில் பார்த்தது: அமுக்கிய கைகள், மருந்து வாடை, வெளிச்சம், காலைக் கட்டி ரத்தம் எடுத்தது. இன்சுலின் ஊசி அப்படியல்ல. ஐயாவின் ஊசியைப் பாருங்கள், முடிபோல இருக்கும். தோலுக்கு அடியில்தான் போகும். பயந்த பூனைகளில் பல, வாயில் மாத்திரை திணிப்பதற்குக் காட்டும் எதிர்ப்பில் பாதியைக்கூட இதற்குக் காட்டுவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

இன்றிலிருந்தே பழக்கலாம், ஊசி வேண்டாமல் போனாலும் நஷ்டமில்லை. காலை ஏழு, இரவு ஏழு என்று நேரம் வையுங்கள். கரண்டியால் டின்னை மூன்று தட்டு தட்டி, எப்போதும் ஒரே இடத்தில் சாப்பாட்டை வையுங்கள். நின்றுகொண்டு குனியாதீர்கள், தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள். அவன் கண்ணையே பார்க்காமல், பார்க்க நேர்ந்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். மூன்று நான்கு நாள் கழித்து, சாப்பிடும்போது தோளில் ஒரு விரல் மட்டும். பிறகு கை. பிறகு தோள்பட்டைத் தோலைக் கூடாரம் போல லேசாகத் தூக்கி விடுவது. பிறகு மூடி போட்ட ஊசிக்குழாயால் அங்கே தொட்டு எடுப்பது. அவன் தலையைத் தூக்கினாலோ வாலை அடித்தாலோ அன்றைக்கு அதோடு விட்டுவிட்டு மறுநாள் ஒரு படி பின்னால் போங்கள். இரவில் காலடியில் வந்து படுக்கிறானே, அந்த நேரத்தில் மட்டும் எந்த வைத்தியமும் செய்யாதீர்கள். அது அவனுடைய நேரமாகவே இருக்கட்டும். மெஷினுக்குப் பின்னாலிருந்தும் இழுத்து எடுக்க வேண்டாம். சத்தம் இல்லாத வேறு மூலையில் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வைத்தால் தானாகவே அங்கே மாறிக்கொள்வான்.

ஐயாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் ஊசியோடு வாழ்ந்தவருக்கு, யூனிட் பார்ப்பதும் காற்றுக் குமிழியைத் தட்டி எடுப்பதும் தண்ணீர் பட்ட பாடு. அதை உங்களுக்கு அவரே நன்றாகக் கற்றுத் தருவார். அவருடைய சர்க்கரை பார்க்கும் கருவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மனிதருக்கான கருவி பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதை வைத்து நீங்களாக அளவை ஏற்றவோ இறக்கவோ கூடாது. பூனைக்கென்றே கருவி உண்டு, காது நுனியில் ஒரு சொட்டுப் போதும். தோளில் ஒட்டி இரண்டு வாரம் விடும் சென்சாரும் இருக்கிறது. தொடவிடாத பூனைக்கு அது பெரிய உதவி.

சில விஷயங்களை மட்டும் எழுதி ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அவன் சாப்பிடவில்லை என்றால் ஊசி போடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். ஊசி உள்ளே போனதா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது தடவை போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, இரட்டிப்பானால் ஆகிவிடும். தள்ளாட்டம், நடுக்கம், கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்ப்பது, வலிப்பு, இவை சர்க்கரை இறங்கிவிட்டதன் அடையாளம். உடனே தேனையோ சீனிப் பாகையோ விரலில் எடுத்து ஈறில் தடவுங்கள். வலிப்பின்போது பல்லுக்குள் விரலை விடாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தடவிக்கொண்டே கிளினிக்குக் கிளம்புங்கள்.

மகன் சொன்னது

மகன் இரக்கத்தில்தான் பேசுகிறார், கோபப்படாதீர்கள். ஆனால் தோட்டத்தில் திரும்ப விடுவது இரக்கமாக முடியாது. சர்க்கரை ஏறிய பூனை அங்கே தாகத்திலும் பசியிலும் கரைந்து, கடைசியில் வாந்தியெடுத்துச் சாகும். எலி பிடிக்கத் தெம்பில்லாமல், செம்பனைக்கு அடியில் எலிமருந்து தின்று சுருண்டு கிடக்கும் எலியைத்தான் தின்னும். அந்த எலிமருந்தாலும் பூனைகள் சாகின்றன. சட்டமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது 772ஆம் சட்டம், 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வளர்ப்பவர் பிராணியை வலி, நோயிலிருந்து காக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அது. கொடுமை செய்தால் அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து ஒரு லட்சம் வெள்ளி வரை, அல்லது மூன்று வருடம் வரை சிறை, இல்லை இரண்டுமே. உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை, மகனிடம் எடுத்துச் சொல்ல உதவும்.

தூங்க வைப்பதைப் பற்றியும் நேராகவே சொல்கிறேன். வைத்தியம் செய்து பார்த்து, அவன் உடம்பு ஏற்கவில்லை, அல்லது உங்களாலும் ஐயாவாலும் முடியவே இல்லை என்ற நிலை வந்தால், வலியில்லாமல் அனுப்பி வைப்பது பாவமில்லை. அன்றைக்கு நான் உங்கள் பக்கம் நிற்பேன். இன்னும் நோய் என்னவென்றே உறுதியாகத் தெரியாத இந்த நேரத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

செலவைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒவ்வொரு சோதனைக்கும் எவ்வளவு, மாதம் இன்சுலினுக்கும் ஊசிக்கும் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள், ரத்த முடிவின் நகலையும் வாங்கி வையுங்கள். முடியாவிட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இருக்கும் பணத்துக்குள் எந்தச் சோதனையை முதலில் எடுப்பது என்று அவரே வரிசைப்படுத்தித் தருவார். இன்னொரு கருத்துக் கேட்க ஈப்போவில் கிளினிக்குகள் இருக்கின்றன, மாவட்டக் கால்நடை அலுவலகத்திலும் விசாரிக்கலாம். மிகச் சிக்கலானால் செர்டாங்கில் பூத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கருப்பனை அவ்வளவு தூரம் கொண்டுபோகும் முன், தண்ணீர்க் கணக்கையும் பட்டை நிறத்தையும் நடக்கும் படத்தையும் உங்கள் டாக்டருக்கு அனுப்பிப் பேசுங்கள். அவன் கூண்டுக்குள் ஏறாமலே பல முடிவுகளை எடுத்துவிடலாம்.

சிறுநீர்ப் பட்டை வாங்க எப்போது பட்டணம் போவீர்களோ தெரியாது, அதுவரை காத்திருக்க வேண்டாம். தோட்டத்துப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் அந்தப் பெண்மணியை இன்று மாலையே பார்த்து, அரிப்பு ஊசியின் பெயரையும் போட்ட இரண்டு தேதிகளையும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.